பத்தாவது படம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டி வந்தது, தலையணை வந்தது, நீ அவித்துக் கொடுத்த முட்டை பாதி வழியிலேயே காலி. குடையை மட்டும் பஸ்ஸில் விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவர் மகளே பஸ்ஸில் பொருளை விட்டால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

கல்லூரி அனுப்பிய அட்டையில் இருந்த படத்தை நம்பாதே. அந்த முன்சுவர் மட்டும்தான் அப்படி. உள்ளே இது பழைய பிஸ்கட் பாக்டரி. பிஸ்கட் சுட்ட இடத்தில் இப்போது மண்பாண்டம் சுடுகிறார்கள். மொத்தமே நாற்பத்தொரு பேர், அதில் முதல் வருஷம் பன்னிரண்டு. காலையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, பாத்ரூம்ல தண்ணி வரல" என்றேன். "வரும்மா, அஞ்சே நிமிஷம்" என்றார். பத்து மணிக்கு அவரே மேடையேறி வரவேற்புரை கொடுத்தார். அவர்தான் முதல்வர். கல்லூரி வேனையும் அவர்தான் ஓட்டுகிறார்.

ஓவியம் சொல்லித்தரும் மேடம் முதல் வகுப்பிலேயே எல்லாருடைய ரப்பரையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார். "தப்பா போட்டா அது அங்கேயே இருக்கட்டும், பக்கத்துல சரியா போடு." அன்று மாலைக்குள் அவர் ரப்பர் மேடம் ஆகிவிட்டார். என் அறைத்தோழியின் பெயர் ஒட்டகம். நான் வைத்ததில்லை, அவளே அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டாள். அவ்வளவு உயரம். காலை ஆறு மணிக்கெல்லாம் கேன்டீனில் தட்டு கழுவப் போகிறாள், கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கடிதமே. இங்கே போன் வார்டன் அறையில், பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். அங்கே போன் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில்.

தேர்வுக் குழுவுக்கு ரொம்பப் பிடித்த படம் என்று ஒவ்வொருவருடையதிலும் ஒன்றை எடுத்து நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், கீழே பெயர் அட்டையுடன். என் பெயருக்கு மேலே அப்பா இருக்கிறார். கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிற அப்பா. நீ பல் செய்கிற லேப்பின் ஆர்டர் தாளின் பின்பக்கத்தில். வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கத்துப் பல்வரிசைப் படம் லேசாகத் தெரிகிறது.

நான் காய்ச்சலில் கிடந்தபோது விண்ணப்பத்தோடு படங்களைக் கட்டி அனுப்பியது நீ. பத்து கேட்டிருந்தார்கள், என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. "ஒன்பதே போதுமாம், கேட்டுட்டேன்" என்றாய். அக்கா, எனக்குக் கிடைத்த பாதிக் கட்டணச் சலுகை இந்த ஒரு படத்துக்காகவாம். வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் அது.

நீ வரைந்ததை ஏன் என் பெயரில் சேர்த்தாய்?

உன்,
சுண்டு

ஜூலை 11

அடி சுண்டு,

முதலில் ஒன்று. இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, லேப்புக்கு எழுது. அன்று தபால்காரர் வந்தபோது நான் வீட்டில் இருந்தது நம் நல்ல நேரம்.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பத்து கேட்டார்கள், ஒன்பது இருந்தது, ஒன்று குறைந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பல் குறைந்தால் என்ன செய்வோம்? பக்கத்துப் பல்லைப் பார்த்து அதே நிறத்தில் ஒன்று செய்து வைப்போம். இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் வாயில் என் வேலைதான் மின்னுகிறது, யார் கண்டுபிடித்தார்கள்? மேஜை இழுப்பறையில் ஒரு கிறுக்கல் கிடந்தது, சேர்த்துக் கட்டினேன். அவ்வளவுதான்.

உன் ஒன்பதும் உன்னுடையவை. அதை நினைத்துக்கொண்டு ஒழுங்காகப் படி. சலுகை மட்டும் இல்லையென்றால் அப்பா அனுப்பியிருக்கவே மாட்டார், அது உனக்கும் தெரியும். பொருள் பட்டியல் இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறதே, படிக்க அனுப்பினார்களா, கடை வைக்க அனுப்பினார்களா என்று கேட்கிறார். கரியும் தாளும் அடுத்த பார்சலில் வரும். ஆறு வகைப் பென்சிலில் நான்கு போதும், மீதி இரண்டை ஒட்டகத்திடம் கடன் வாங்கு.

குடை விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. குடையே டிப்போவுக்கு வந்து சேர்ந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 20

அக்கா,

பார்சல் வந்தது. உள்ளே சுருட்டி வைத்திருந்த காலுறையும் கிடைத்தது.

அது கிறுக்கல் இல்லை. தினம் நான்கு முறை அந்த நடைபாதையில்தான் நடக்கிறேன். ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். கயிற்றை இழுக்கும்போது அப்பாவின் கட்டைவிரல் ஒரு பக்கம் மடங்குமே, அது அப்படியே இருக்கிறது. பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

ரப்பர் மேடம் என்னிடம் கைகளை வரையச் சொன்னார். எட்டுத் தாள் போனது. எல்லாம் ரப்பர் கையுறை மாதிரி ஊதிக்கொண்டு நிற்கின்றன. மேடம் கோபப்படவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அந்தப் படத்த போட்ட பொண்ணு எங்கம்மா போனா?" என்றார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். இதில் இன்னொரு கூத்து, பல்வரிசை தெரிகிற தாளை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாக நினைத்து, அதில் என்ன பொருள் இருக்கிறது என்று மூன்றாம் வருஷத்து அண்ணன் ஒருவர் கட்டுரை எழுதுகிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரிந்தது. சலுகைப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது ஒட்டகம். அவளே சாதாரணமாகச் சொன்னாள். "நீ இல்லன்னா எனக்குத்தான் வந்திருக்கும், பரவால்ல விடு, உன் படம் அப்படி" என்றாள். சோப்புத் தண்ணீரில் கிடந்து அவள் விரல்களெல்லாம் வெடித்திருக்கின்றன. அந்த விரலோடு வந்துதான் கரி பிடிக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சொல்லிவிடலாமா அக்கா?

சுண்டு

ஜூலை 27

சுண்டு,

வாயைத் திறக்காதே.

திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? சலுகை போகும். சீட்டும் போனாலும் போகும். அப்பா டிப்போவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வரைகிறவளா என்று கேட்டவர்களிடம், வரைந்தே பாதிக் கட்டணத்தைக் குறைத்தவள் என்கிறார். அந்த மனிதர் எதற்கும் இப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நீ நல்லவள் என்று பெயர் வாங்க, மீதிப் பணத்தை நானா கட்டுவது? ஒட்டகத்தின் விரலைப் பற்றி எழுதுகிறாயே, என் விரலைப் பார்த்திருக்கிறாயா? பதினொரு வருஷமாக மெழுகு உருக்கிச் சுட்டுக்கொண்ட விரல். அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதியதில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசாதே.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் விரலைப் பற்றி நீ எழுதியது உண்மை. அதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அன்று காலை ஒட்டகம் எனக்காகக் கேன்டீனிலிருந்து ஒரு ரொட்டியை ஒளித்து எடுத்து வந்திருந்தாள்.

முதல்வர் அறையில் அவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மின்விசிறிச் சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேடமும் இருந்தார். "சார், சுவத்துல இருக்கறது நான் வரைஞ்சதில்ல" என்றேன். ஸ்க்ரூ டிரைவர் நின்றது. மேஜைக்கு அடியிலிருந்தே, "மறுபடி சொல்லும்மா" என்றார்.

மேடம் பீரோவைத் திறந்து என்னுடைய ஒன்பது படங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினார்.

"இதெல்லாம் யாரு?"

"நான்தான் மேடம்."

"இதுல உனக்குப் பிடிக்காதது எது?"

நான் நான்கைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். சொன்னேன். கடைசியில் முதல்வரைப் பார்த்து, "கண்ணு இருக்கு. கை மெதுவா வரும். இருக்கட்டும் சார்" என்றார்.

முதல்வர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சீட்டு போகாதும்மா. சலுகை போயிடும். அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் சார்."

"அப்போ அத வரைஞ்சது யாரு?" என்று மேடம் கேட்டார்.

"எங்க அக்கா."

"எங்க படிச்சாங்க?"

"படிக்கல மேடம். பல் செய்யறா."

மேடம் ஒன்பது படங்களையும் பொறுக்கி மறுபடி பீரோவில் வைத்தார்.

மீதிக் கட்டணத்துக்கு நவம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் நானே போனில் சொல்கிறேன், பின்னால் ஏழு பேர் நின்றாலும் பரவாயில்லை. நீ சரி என்று மட்டும் எழுது.

சுண்டு

ஆகஸ்ட் 19

அக்கா,

பதினாறு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் "அக்கா குளிக்கறா" என்கிறார் அப்பா. மூன்று ஞாயிறாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். சளி பிடிக்கப் போகிறது.

இங்கே நடந்தது: ஒட்டகம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "எனக்கு நீ பிச்சை போடறியா?" என்றாள். அது முறைப்படி அவளுக்குச் சேர வேண்டியது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. இப்போது அவளுக்குச் சலுகை வந்ததால் கேன்டீன் வேலை காலியானது. அதில் நான் சேர்ந்துவிட்டேன். தட்டை எப்படி அடுக்குவது என்று முதல் நாள் அவளே வந்து சொல்லிக் கொடுத்தாள், பெரிய கலையைச் சொல்லித்தருகிற மாதிரி.

உன் படத்தை மேடம் எடுக்கவில்லை. என் பெயர் அட்டையைத்தான் கழற்றினார். அது பெயரில்லாமல் தொங்குகிறது.

திட்டியாவது எழுது.

சுண்டு

செப்டம்பர் 6

சுண்டு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். லேப் முதலாளி, "பல்லு செய்யற எடத்துல தாள மெல்லற ஆளா இருக்கியே" என்றார்.

உன்னிடம் பொய் சொன்னேன். ஒன்று குறைந்ததற்காக அதைச் சேர்க்கவில்லை. ஒன்பது இருந்தாலும் போதும் என்று அவர்கள் உண்மையிலேயே சொன்னார்கள்.

அம்மா இறந்த வருஷம் நான் லேப்பில் சேர்ந்தேன் இல்லையா, அந்த வருஷமே உன் கல்லூரியின் விண்ணப்பம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வீட்டுக்காகத்தான் போகவில்லை என்று நீ நினைத்தால் அது பாதி உண்மைகூட இல்லை. அடுத்த வருஷம் போயிருக்கலாம். அதற்கடுத்த வருஷமும் அப்பா, "வேணும்னா போ" என்றுதான் சொன்னார். நான்தான் நேரமில்லை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆர்டர் தாளின் பின்னால் வரைவேன், இழுப்பறையில் போடுவேன். யாருக்கும் காட்டமாட்டேன். யாராவது பார்த்துவிட்டு இது போதாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

உன் படக் கட்டுக்குள் அதை நுழைத்தால், நிராகரித்தாலும் உன் பெயர்தான், எனக்கு ஒன்றும் ஆகாது. பிடித்துவிட்டால் எனக்கு மட்டும் தெரியும். உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தேன். அவர்களுக்குப் பிடித்தது என்று நீ எழுதிய அன்று லேப்பில் இரண்டு பல்லை மாற்றிச் செய்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு நீ சொல்லப் போகிறேன் என்றதும் அந்தச் சந்தோஷத்தைத்தான் பிடுங்குகிறாய் என்று தோன்றியது. பணம், அப்பா, விரல் என்று எழுதியதெல்லாம் அதற்கு மேல் போர்த்திய துணி. என்னை மன்னித்துவிடு.

அப்பாவிடம் நீ போனில் சொன்னாயாமே, படம் யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு. அதை நான் சொன்னேன்.

"என்ன படம்?" என்றார்.

"நீங்க ஷூ கட்டற படம்பா."

"என்ன கேக்காமயா போட்ட?"

"ஆமா."

"எத்தன பேர் பாத்திருப்பாங்க?"

"ஒரு அம்பது பேர்."

குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பழைய ஷூவா?" என்றார். ஆமாம் என்றேன். "சே, புதுசு வாங்கினப்புறம் போட்டிருக்கலாம்ல" என்றார். மறுநாள் உன் கட்டணத்துக்காக டிப்போ கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தட்டை உடைக்காமல் கழுவு.

அக்கா

செப்டம்பர் 14

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத வரவில்லை. நடைபாதைக்குப் போய் அந்தப் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் அந்த வழியாக வந்தார். என்ன என்று கேட்டார். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, கொஞ்சம் சொன்னேன்.

"வரச் சொல்லு" என்றார்.

"எதுக்கு மேடம்?"

"பேர் தெரியாத படத்த எத்தன நாள் மாட்டி வைக்கறது? அவங்களே வந்து அட்டை எழுதட்டும்."

வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதி வகுப்பு ஒன்று இருக்கிறதாம், இரண்டு வருஷம். அதற்கும் பத்துப் படம் வேண்டும். அப்பாவின் டிப்போ பாஸில் வந்தால் பஸ்ஸுக்குக் காசு கிடையாது. ஆறு மணி நேரம்தான். வா அக்கா. மன்னிப்பெல்லாம் நேரில் வந்து கேள், அப்போதுதான் யோசிப்பேன்.

சுண்டு

அக்டோபர் 13

சுண்டு,

வீடு வந்து சேர்ந்தேன். குடையோடு.

ஒட்டகத்தை நீ சொன்னதைவிட எனக்கு அதிகம் பிடித்துவிட்டது. அவள் விரலுக்கு எங்கள் லேப்பில் பூசுகிற களிம்பு அனுப்புகிறேன். உனக்கும் ஒரு டப்பா, இப்போது உன் விரலும் அதே கதிதானே.

நீ டீ வாங்கப் போன நேரத்தில் மேடம் என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். "இந்த இடது தோள் தப்பு" என்றார். "குனியற மனுஷனுக்கு இங்க வராது. பாக்காம போட்டிருக்கீங்க, ஞாபகத்துல இருந்து." எனக்குக் காது சுட்டது. ஆனால் பார்த்தேன், உண்மை. அந்தத் தோளை நான் பார்க்கவே இல்லை, கையிலேயே மூழ்கிவிட்டேன். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் என் தப்பைச் சொல்கிறார். பஸ்ஸில் ஆறு மணி நேரமும் முன்சீட்டு மனிதர்களின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அட்டையில் பெயர் எழுதும்போது முதல் எழுத்தை இரண்டு முறை எழுதியது உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தாலும் சொல்லாதே.

விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். பிப்ரவரிக்குள் பத்து. இப்போது தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் அப்பாவை உட்கார வைக்கிறேன். "எத்தன நிமிஷம்?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்காருகிறார். இருபது என்றால் இருபதாவது நிமிஷம் எழுந்து போய்விடுகிறார், மூக்கு பாதியில் நின்றாலும்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

உன் கட்டு வந்து சேர்ந்ததை அலுவலகத்தில் எட்டிப் பார்த்தேன். முடிவைப் பற்றி மேடம் வாயே திறக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கேன்டீனில் அவர் தட்டில் கூடுதலாக ஒரு முட்டைகூட வைத்துப் பார்த்தேன். முட்டையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் செய்தி: நேற்று ஒட்டகத்தின் கையை வரைந்தேன். மேடம் என் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ம்" என்றார். இந்த "ம்" இங்கே எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நான்காம் வருஷத்தில் ஒருவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தபால் வந்தவுடன் எழுது. எப்படி வந்தாலும்.

சுண்டு

ஏப்ரல் 9

சுண்டு,

வந்தது. இல்லை என்று.

தபாலை லேப்பிலேயே பிரித்தேன். இரண்டே வரி, மேடத்தின் கையெழுத்து: "பத்துப் படத்திலும் ஒரே ஆள். வேறு மனிதர்களையும் வரைந்து அடுத்த ஆண்டு அனுப்பவும்." நான் பதினொரு வருஷமாகப் பயந்தது இதற்குத்தான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். அடுப்பில் மெழுகு உருகியது. முதலாளி, "அந்தக் கடவாப் பல் ரெடியா?" என்றார். ரெடி என்றேன். கொஞ்சம் அழுதேன், அதில் பாதி சிரிப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பல் செய்தேன். மூன்றும் நன்றாக வந்தன.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஏன், எனக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். புது ஷூ போட்டு உட்கார்ந்தும் எடுபடவில்லையே என்று வருத்தம். நேரில் வந்து மேடத்திடம் கேட்கிறாராம்.

நேற்றிலிருந்து முதலாளியை வரைய ஆரம்பித்திருக்கிறேன். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறார், வேலைக்கு ஆகவில்லை. எனக்கு அசையாமல் உட்காருகிற, நடிக்காத, நான் சரியாகப் பார்க்காமலே விட்டுவிட்ட ஓர் ஆள் வேண்டும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தட்டு கழுவி முடித்ததும் நேரே அறைக்கு வா, தலைகூடச் சீவாதே. ஜன்னல் பக்கம் உன்னை உட்கார வைக்கப் போகிறேன். இரண்டு மணி நேரமாவது ஆகும்.

பேசலாம். ஆடக்கூடாது.

அக்கா